பாட அமைப்பும் கற்போர் ஊக்கமும்: இந்திய ஆங்கிலக் கல்வி வரலாற்றில் இரு முயற்சிகள்

பிறமொழி பயிலும் மாணவரின் ஆர்வக் குறைவுக்கு அவர்தம் சூழலையும் உழைப்பின்மையையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். பாடத்தை வகுக்கும் முறையும் ஆர்வத்தை வளர்க்கவோ குன்றச் செய்யவோ வல்லது என்பதனை, ஆங்கிலக் கல்வியில் நிகழ்ந்த இரு முயற்சிகளின் வழி இக்கட்டுரை விளக்க முற்படுகின்றது.

முதலாவது, மைக்கேல் வெஸ்ட்டின் முயற்சி. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பணியாற்றிய இவர், வங்காள மாணவரின் நிலையை ஆராய்ந்து 1926இல் இருமொழியம் பற்றிய நூலை வெளியிட்டார். பள்ளியில் சேர்ந்தோருள் பலர் இறுதி வகுப்பை எட்டாமலே விலகினர். பாடத்திட்டமோ முழுமையாகப் பயின்றோர்க்கே பயன்தருவதாய் இருந்தது. காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைப்பவர்க்கும் ஒரு தொகை கிடைக்கும். அதுபோலப் படிப்பை இடையில் விடுவோர்க்கும் 'ஒப்படைப்பு மதிப்பு' ஒன்று வேண்டும் என்றார் வெஸ்ட். படித்தல் திறனே விரைந்து பயன்தரும் எனக் கருதி அதற்கு முதலிடம் தந்தார். புதுச்சொற்கள் இடைவிட்டு வருமாறும், வந்தவை மீண்டும் பயின்று வருமாறும் வாசகங்களை அமைத்தார். தொடக்கநிலை மாணவரும் ஒரு கதையைத் தாமே படித்து முடிக்க வழி பிறந்தது.

இரண்டாவது, என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னை முதலிய இடங்களில் நடத்திய திட்டம். 1950களில் தென்னகத்தில் பரவிய பாடத்திட்டம் வாக்கிய அமைப்புகளை எளிமையிலிருந்து அருமை நோக்கி வரிசைப்படுத்தியது. பிரபு அவ்வரிசையை நீக்கிச் செயல்களை வைத்தார். தொடர்வண்டிக் கால அட்டவணையை ஆராய்தல், வரைபடத்தில் வழி காணுதல் போன்ற ஒரு செயலை ஆசிரியர் வகுப்பாருடன் உரையாடி முடிப்பார். பின்னர் அதனையொத்த மற்றொன்றை மாணவர் தனித்துச் செய்வர். வகுப்பில் ஏறத்தாழப் பாதிப்பேர் செயலின் பாதியளவேனும் வெற்றிபெறுவதே அருமைப்பாட்டின் அளவுகோல். எட்டத்தக்க அறைகூவலே ஊக்கம் தரும் என்பது இதன் அடிப்படை. இதனை அவர் 1987இல் நூலாக்கினார்.

வெஸ்ட் சொற்களை முன்னரே வரையறுத்தார். பிரபு மொழிக்கூறுகளை வரையறுக்காது விடுத்தார். முன்னவர் முறையில் பேச்சுத்திறன் பின்தங்கியது. பின்னவர் முறை, வகுப்பில் எழும் எந்த உரையாடலையும் ஆங்கிலத்திலேயே நடத்தவல்ல ஆசிரியரை வேண்டி நின்றது. எனினும், பயன் என்றோ ஒருநாள் வரும் எனத் தள்ளிவைக்காமல் இடைநிலைகளிலேயே அதனை நுகரச் செய்தமையில் இருவரும் ஒன்றுபடுகின்றனர்.

எனவே, 'இவ்வாண்டில் எவ்வளவு முடிக்க வேண்டும்' என்பதோடு, 'இன்றோடு விலகும் மாணவன் எதனைக் கொண்டு செல்வான்' என்பதும் பாடம் வகுப்போர் தம்மைத் தாமே வினவிக்கொள்ள வேண்டிய வினாவாகும்.