பெயரும் இருப்பிடமும்: கையடக்கக் கணினிகளில் செயலிகளை ஒழுங்குபடுத்திய வரலாறு

1986-இல் லண்டனின் சயான் நிறுவனம் வெளியிட்ட ஆர்கனைசர் 2 என்னும் கையடக்கக் கணினியின் திரையில் இரண்டே வரிகள். வரிக்கு 16 எழுத்துகள். கருவியை இயக்கியதும் தேடு, சேமி, நாட்குறிப்பு, கணக்கு எனப் பணிகளின் ஆங்கிலப் பெயர்கள் அந்தச் சிறு இடத்தில் வரிசையாக வந்து நிற்கும். ஒரு பெயரின் முதல் எழுத்தை அழுத்தினால் அந்தப் பணி திறக்கும். ஒரே எழுத்தில் இரண்டு பெயர்கள் தொடங்கினால் சுட்டி முதலாவது பெயருக்குப் போய் நிற்கும். இதைவிட முக்கியமான வசதி ஒன்றும் அதில் இருந்தது. மோடு என்ற விசையை அழுத்தி, பயனர் அந்த வரிசையில் தாம் விரும்பிய இடத்தில் புதிய பெயரைச் சேர்க்கலாம். வேண்டாததை அழிப்பு விசையால் எடுத்துவிடலாம். தாமே ஓபிஎல் மொழியில் எழுதிய நிரலின் பெயரையும் நிறுவனம் தந்த பணிகளின் நடுவே, அவற்றுக்குச் சமமாக நிறுத்தலாம். அந்தப் பெயரை வரிசையிலிருந்து நீக்கினால் பெயர் மட்டுமே போகும். நிரல் கருவியிலேயே பத்திரமாக இருக்கும். பெயர் வேறு, பொருள் வேறு என்ற இந்த எளிய பிரிவினை, பின்வந்த கையடக்கக் கணினிகளில் சில இடங்களில் தொலைந்தும் சில இடங்களில் மீண்டும் கிடைத்தும் வந்திருக்கிறது. அந்தத் தடத்தைப் பின்தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்துறையின் வரலாறு பெரும்பாலும் தோற்றத்தின் வளர்ச்சியாகவே சொல்லப்படுகிறது: எழுத்து இருந்த இடத்தில் படம் வந்தது, கறுப்பு வெள்ளைக்குப் பதில் வண்ணம் வந்தது, எழுதுகோலின் வேலையை விரல் எடுத்துக்கொண்டது. இவை உண்மைதான், ஆனால் ஒரு கருவியில் செயலிகளை எடுத்தாள்வது எளிதாக இருந்ததா என்பதை இவை விளக்குவதில்லை. ஒரு செயலி எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்பவர் யார், முடிவு செய்த இடம் நிலைத்து நிற்கிறதா என்ற இரண்டு கேள்விகளே அதை விளக்குகின்றன என்பது என் வாதம். ஸெராக்ஸ் பார்க் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் கார்ட் 1982-இல் கட்டளைப் பட்டியல்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். தொடக்கத்தில் அகரவரிசையில் இருந்த பட்டியலில் தேடுவதே விரைவாக இருந்தது. பயன்வாரியாகத் தொகுத்தது அதற்கு அடுத்து வந்தது. தாறுமாறாக அடுக்கியது கடைசி. பழகப் பழக மூன்றுக்கும் இருந்த வேறுபாடு மறைந்துபோனது. பட்டியல் மாறாமல் இருந்தவரை, எந்த முறையில் அடுக்கியிருந்தாலும் பழகியவருக்கு ஒன்றுதான். இது தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். திவாகரம் முதலிய நிகண்டுகள் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர் என்று சொற்களைப் பொருள்வாரியாகத் தொகுத்து, மனப்பாடம் செய்தவருக்கு நினைவிலிருந்தே பயன்பட்டன. வீரமாமுனிவரின் சதுரகராதி 1732-இல் அகரவரிசையைக் கைக்கொண்டதால், பாடம் பண்ணாதவரும் சொல்லைத் தேடி எடுக்க முடிந்தது. அகரவரிசை புதியவருக்குத் துணை. பழகியவருக்கு வேண்டியது பழகிய இடம்.

பழகிய இடத்தின் மதிப்பை மிகத் தெளிவாக உணர்ந்து செய்யப்பட்ட கருவி, 1996 மார்ச்சில் யு.எஸ். ரோபாடிக்ஸின் கீழ் பாம் நிறுவனம் வெளியிட்ட பைலட். ஜெஃப் ஹாக்கின்ஸும் அவருடைய குழுவினரும் அதற்கு முன் 1993-இல் வந்த ஸூமர் என்ற கருவிக்கு மென்பொருள் எழுதித் தோல்வி கண்டவர்கள். ஸூமர் வாங்கியவர்களிடம் விசாரித்தபோது, அவர்கள் தேடியது மேசைக் கணினிக்கு மாற்றை அல்ல, காகித நாட்குறிப்புக்கு மாற்றை என்று தெரிந்தது. காகித நாட்குறிப்பை விரிப்பதற்கு யாரும் காத்திருப்பதில்லை. ஆகவே பைலட்டின் 160-க்கு 160 புள்ளித் திரைக்குக் கீழே நாட்காட்டி, முகவரி, செய்ய வேண்டியவை, குறிப்பு ஆகிய நான்குக்கும் நான்கு பொத்தான்கள் வைத்தார்கள். அணைந்து கிடக்கும் கருவியில் ஒரு பொத்தானை அழுத்தினால் கருவி விழித்துக்கொள்வதும் அந்தச் செயலி திறப்பதும் ஒரே செயலாக நடக்கும். நாட்காட்டிப் பொத்தானை மறுபடி அழுத்தினால் நாளிலிருந்து வாரத்துக்குப் போகலாம். ஒரு வேலைக்கு எத்தனை முறை தட்ட வேண்டும் என்று எண்ணி எண்ணிக் குறைத்த வடிவமைப்பு அது. அந்தப் பொத்தான்களுக்கு வேறு செயலியை ஒதுக்கவும் அமைப்புகளில் வழி இருந்தது. பொத்தான் இடம் பெயராது. திரையில் எதைக் கூட்டினாலும் குறைத்தாலும் கட்டைவிரலுக்கு அது இருக்கும் இடம் தெரியும். பொறியியல் நோக்கில் சிறியதாகத் தெரிந்தாலும், சட்டைப் பையில் போட்டு எடுக்கும் ஒரு கருவியை மக்கள் ஏற்றுக்கொண்டதில் இந்த நான்கு பொத்தான்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்றே நான் கருதுகிறேன்.

பொத்தான்களுக்கு அப்பால் பாமின் நிலை அவ்வளவு உறுதியாக இல்லை. செயலிகளைக் காட்டும் லாஞ்சர் திரையில் எல்லாம் அகரவரிசையில் நின்றன. ஒன்றைப் புதிதாக ஏற்றினால் அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் ஒரு கட்டம் நகர்ந்துவிடும். பயனர்கள் பத்து, இருபது, ஐம்பது என்று நிரல்களைச் சேர்க்கத் தொடங்கியதும் இந்த நகர்வு சுமையானது. 1998-இல் பாம் 3 கருவியுடன் வந்த பாம் ஓஎஸ் 3.0 இதற்கு வகைப்பிரிவைத் தீர்வாகத் தந்தது. செயலிகளை விளையாட்டு, முதன்மை, அமைப்பு, பயன்பாடு என்று பிரிக்கலாம். பயனர் தாமே பிரிவை உருவாக்கிப் பெயரும் வைக்கலாம். லாஞ்சர் பொத்தானைத் திரும்பத் தட்டினால் பிரிவுகள் ஒவ்வொன்றாக வரும். ஆனால் ஒரு செயலி ஒரே பிரிவில்தான் இருக்க முடியும். வட்டி கணக்கிடும் செயலி அலுவலகத்துக்கா, வீட்டுக்கா என்று ஒருவர் தீர்மானித்தே ஆக வேண்டும். அகராதியில் ஒரு சொல்லை ஓரிடத்தில் எழுதி, வேறோர் இடத்தில் 'காண்க' என்று சுட்டும் வசதி அங்கே இல்லை. லாஞ்சர் 3, சில்வர்ஸ்கிரீன், ஸீலாஞ்சர் என்று பிறர் எழுதிய மாற்று லாஞ்சர்கள் ஆண்டுக்கணக்கில் புழங்கியதற்கு இந்தப் போதாமை முக்கியமான காரணம். தாம் வாங்கிய கருவியின் முகப்பையே மாற்றுவதற்கு மக்கள் தனியாகக் காசு கொடுத்தார்கள் என்றால், தேவை எவ்வளவு உண்மையானது என்பது விளங்கும்.

அந்தக் 'காண்க' குறிப்பு மைக்ரோசாஃப்ட்டின் கருவிகளில் தொடக்கம் முதலே இருந்தது. குறுக்குவழி என்பது அதன் பெயர். 1996 நவம்பரில் வந்த விண்டோஸ் சிஇ, மேசைக் கணினியின் ஸ்டார்ட் மெனுவை அப்படியே கைக்குள் சுருக்கித் தந்தது. 2000 ஏப்ரலில் பாக்கெட் பிசி வந்தபோது அந்த மெனு திரையின் இடது மேல்மூலைக்கு ஏறியது. மெனுவில் தெரிந்தது நிரல் அல்ல, நிரல் இருக்கும் பாதையைச் சுட்டும் ஒரு சிறு கோப்பு. விண்டோஸ் சிஇ-யில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தால் வெறும் உரை: ஓர் எண், ஒரு ஹாஷ் குறி, அதன்பின் நிரலின் பாதை, அந்த எண்ணோ பாதையில் எத்தனை எழுத்துகள் என்பதைச் சொல்வது. ஒரே நிரலுக்கு நான்கு கோப்புறைகளில் நான்கு குறுக்குவழிகள் வைக்கலாம்; ஒன்றை அழித்தாலும் நிரலுக்கு ஒன்றும் ஆகாது. 1986-இன் சயான் மெனுவில் இருந்த பிரிவினையே இன்னும் விரிவான வடிவில் இங்கே கிடைத்தது. கோட்பாட்டளவில் பாமை விட இதுவே செழுமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அப்படியிருந்தும் பாக்கெட் பிசி-யைப் பயன்படுத்துவது எளிது என்று பெயர் வாங்கவில்லை. உரிமை இருந்தது, அதை அடையும் பாதை கடினமாக இருந்தது. ஒரு செயலியை மெனுவுக்குக் கொண்டுவர, கோப்புகளைப் பார்க்கும் நிரலைத் திறந்து, செயலியைத் தேடி, எழுதுகோலை அதன்மேல் அழுத்திப் பிடித்து நகலெடுத்து, விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஸ்டார்ட் மெனு கோப்புறைக்குப் போய், வெற்றிடத்தில் மறுபடி அழுத்திப் பிடித்துக் குறுக்குவழியாக ஒட்ட வேண்டும். அமைப்புகளில் பெயருக்கு எதிரே குறியிட்டுச் சேர்க்கும் எளிய வழியும் இருந்தது, அதற்கோ ஏழு என்ற வரம்பு. மேசைக் கணினியில் பரந்த திரையும் சுட்டெலியும் வைத்துக்கொண்டு சில நொடிகளில் முடிக்கும் வேலை, நின்றுகொண்டு ஒரு கையில் கருவியையும் மறு கையில் எழுதுகோலையும் பிடித்திருப்பவருக்குப் பொறுமையைச் சோதிப்பதாக இருந்தது. கோப்பு முறைமையைக் கண்ணுக்கு மறைத்த பாம் எளிமையைப் பெற்று நெகிழ்வை இழந்தது. அதைத் திறந்து வைத்த மைக்ரோசாஃப்ட் நெகிழ்வைப் பெற்று எளிமையை இழந்தது.

2007 ஜூனில் விற்பனைக்கு வந்த ஐஃபோன் இந்த இரண்டையும் ஒதுக்கிவிட்டுத் தொடங்கியது. வெளியார் செயலிகள் இல்லை, ஐகானை நகர்த்தவும் வழியில்லை. 2008 ஜனவரியின் 1.1.3 பதிப்பில்தான் ஐகானை அழுத்திப் பிடித்து, அது நடுங்கும்போது இழுத்து வேறிடத்தில் விட முடிந்தது. முகப்புத் திரைகளும் ஒன்பது வரை பெருகின. அவ்வாண்டு ஜூலையில் ஆப் ஸ்டோர் ஏறத்தாழ 500 செயலிகளுடன் திறந்தது. இழுத்து வைக்கும் அந்த முறை, இதுவரை சொன்ன எல்லாக் கருவிகளையும் விடக் கைக்கு இயல்பானது. அதைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் அங்கே ஐகானே செயலி. திரையிலிருந்து ஐகானை எடுத்தால் செயலியே போய்விடும். ஐகான்கள் மேலிருந்து இடைவெளியின்றி நிரம்பும்; நடுவில் ஒன்றை நுழைத்தால் பின்னாலிருப்பவை நகரும்; திரை நிரம்பியிருந்தால் கடைசி ஐகான் அடுத்த திரைக்குத் தள்ளப்படும். பாமின் அகரவரிசையில் நடந்த அதே நகர்வு, வேறு காரணத்தால் இங்கேயும் தொடர்ந்தது. 2010-இன் ஐஓஎஸ் 4 கோப்புறைகளைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் ஒன்றில் 12 செயலிகள், கோப்புறைக்குள் கோப்புறை கிடையாது, ஒரு செயலி ஒரே இடத்தில்தான். 2008 அக்டோபரில் ஜி1 கைப்பேசியோடு வந்த ஆண்ட்ராய்டு மட்டும் பழைய பிரிவினையைக் காப்பாற்றியது: எல்லாச் செயலிகளும் அகரவரிசையில் ஓர் இழுப்பறைக்குள், முகப்பில் பயனர் எடுத்து வைத்த குறுக்குவழிகள் மட்டும். புதியவருக்கு அகராதியும் பழகியவருக்கு நிகண்டும் ஒரே கருவியில் கிடைத்தது போன்ற ஏற்பாடு அது.

தேடல் வசதி வந்தபின் அடுக்குவது எதற்கு என்று கேட்கலாம். 2009-இல் ஐஃபோனிலும் ஸ்பாட்லைட் தேடல் வந்துவிட்டது. இரண்டு எழுத்துகளைத் தட்டினால் செயலி முன்னால் நிற்கிறது. இந்த மறுப்பு வலுவானதுதான், செயலிகளின் பெயர்கள் கோப்புகளின் பெயர்களைப் போல ஆயிரக்கணக்கில் பெருகுவதில்லை என்பதால் இன்னும் வலுவானது. ஆனால் டெபோரா பரோவும் போனி நார்டியும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், மேசைக் கணினிப் பயனர்கள் கோப்பைத் தேடல் வழியாக எடுப்பதைவிட, வைத்த இடத்துக்குப் போய் எடுப்பதையே விரும்பினார்கள் என்று கண்டார்கள். கண்ணில் படும் இடத்தில் வைத்த கோப்பு, செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டுகிறது என்பதும் அவர்கள் கண்டது. தேடல் மென்பொருள்கள் மேம்பட்ட பின்னும் அந்த விருப்பம் பெரிதாக மாறவில்லை என்று ஓஃபர் பெர்க்மனின் குழு 2008-இல் காட்டியது. தேடுவதற்குப் பெயர் நினைவில் இருக்க வேண்டும். மறந்துபோன வேலையைத் தேடிப் பெற முடியாது. பேருந்தில் ஒரு கையால் கம்பியைப் பிடித்திருப்பவருக்கு இரண்டு எழுத்துகள் தட்டுவதும் கூடுதல் வேலைதான்.

இதைவிடக் கடினமான மறுப்பு இயந்திரத்தின் தரப்பிலிருந்து வருகிறது. நூற்றுக்கும் மேற்பட்ட செயலிகளை யார் உட்கார்ந்து அடுக்குவது, பழக்கத்தைக் கவனித்து இயந்திரமே அடுக்கட்டுமே என்பது அதன் சாரம். ஜெஃப்ரி மிட்செலும் பென் ஷ்னைடர்மனும் 1989-இல் இதையே சோதித்தார்கள். அடிக்கடி எடுப்பவை தாமாக மேலே ஏறும் மெனுவையும், அசையாமல் நிற்கும் மெனுவையும் ஒப்பிட்டபோது, தொடக்கத்தில் நகரும் மெனுவில் வேலை மந்தமாகவே நடந்தது. பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் அசையாத மெனுவையே விரும்பினார்கள். ஆஃபீஸ் 2000-இல் குறைவாக எடுக்கும் கட்டளைகளைத் தானாக மறைக்கும் மெனுவை மைக்ரோசாஃப்ட் வைத்தது. 2007-இல் மெனுக்களுக்குப் பதிலாக ரிப்பன் என்ற கட்டளைப் பட்டை வந்தபோது அந்த முறையும் போனது. ஆனாலும் இந்த மறுப்பில் ஏற்க வேண்டிய பகுதி உண்டு. ஆண்டுக்கு இரண்டு முறை திறக்கும் செயலிக்குக் கைப்பழக்கம் எதுவும் உருவாகாது. அதை இயந்திரம் எங்கே அடுக்கினாலும் இழப்பில்லை. அன்றாடம் எடுக்கும் பத்துப் பன்னிரண்டில்தான் இயந்திரம் கைவைக்கக் கூடாது. நடு மேசையில் இருப்பதைக் கலைக்காமல் பரண்மேல் இருப்பதை ஒழுங்குசெய்வது போலத்தான் இதுவும். தாமாக எதையும் மாற்றி அமைக்காத பயனர்கள் ஏராளம் என்று சொல்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது: அவர்களுக்கும் நிறுவனம் வைத்த இடமே பழகிய இடமாகிறது, ஆகையால் அது நகராமல் இருப்பதில் அவர்களுக்கும் அக்கறை உண்டு.

2020 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 14, ஐஃபோனிலும் ஐகானையும் செயலியையும் ஒருவழியாகப் பிரித்தது. செயலி நூலகம் என்ற தனித்திரையில் எல்லாம் தாமாக வகைப்பட்டு நிற்கும். முகப்பிலிருந்து ஐகானை எடுத்தாலும் செயலி அங்கே இருக்கும். அடுத்த ஆண்டின் பதிப்பில் ஒரே செயலியை ஒன்றுக்கு மேற்பட்ட முகப்புத் திரைகளில் வைக்க முடிந்தது. பாமின் வட்டிச் செயலி அலுவலகத்திலும் வீட்டிலும் ஒருசேர இருக்க வழி பிறந்தது. 2024-இன் ஐஓஎஸ் 18-இல் மேல்வரிசைகளை வெறுமையாக விட்டு, கட்டைவிரல் எட்டும் கீழ்வரிசையில் மட்டும் ஐகான்களை வைக்கவும் இடம் கிடைத்தது. செயலி நூலகத்தின் பிரிவுகளுக்குப் பெயர் வைக்கும் உரிமை மட்டும் இன்னும் பயனர் கைக்கு வரவில்லை. 1998-இன் பாம் 3-இல் அது இருந்தது.