எப்பவும் ஒரு பக்க மூக்கு மட்டும் அடைக்குதா? காரணங்களும் தீர்வும்!

நைட் படுத்துக்கிட்டே போனை நோண்டிக்கிட்டு இருக்கீங்க. திடீர்னு வலது பக்க மூக்கு அடைச்சுக்குது. திரும்பிப் படுத்தா, கொஞ்ச நேரத்துல இடது பக்கம்! சளியும் இல்ல, காய்ச்சலும் இல்ல. அப்புறம் ஏன்?

இது இயல்புதான்!

மூக்குக்குள்ள இருக்குற சதை மடிப்புகள்ல ரத்த ஓட்டம் கூடிக் குறையும். ஒரு பக்கம் வீங்கும்போது இன்னொரு பக்கம் சுருங்கும். சில மணி நேரத்துக்கு ஒருமுறை இது மாறிக்கிட்டே இருக்கும். 1895-லேயே ஜெர்மனியைச் சேர்ந்த கைசர் என்ற மருத்துவர் இதைப் பதிவு பண்ணியிருக்கார். ஒருக்களிச்சுப் படுத்தா, கீழ்ப்பக்க மூக்கு அடைக்கிறதும் சகஜம். சளி, அலர்ஜி இருக்கும்போது இது இன்னும் நல்லாவே தெரியும்.

எப்போ பிரச்னை?

பக்கம் மாறாம, எப்பவும் ஒரே பக்கம் அடைச்சா கவனிங்க.

* மூக்கின் நடுச்சுவர் வளைஞ்சிருக்கலாம். பிறவியிலேயே இருக்கலாம், அடிபட்டும் வரலாம்.
* மூக்குக்குள்ள சதை வளர்ந்திருக்கலாம்.
* ஒரு பக்க சைனஸ் தொற்றா இருக்கலாம். மேல் கடைவாய்ப்பல் சொத்தைகூட இதுக்குக் காரணமாகலாம்.
* குட்டீஸுக்கு ஒரு மூக்குல மட்டும் நாத்தமடிக்கிற சளி வந்தா, எதையாவது உள்ளே போட்டிருக்க வாய்ப்பு அதிகம். அது பட்டன் பேட்டரின்னா சில மணி நேரத்துலேயே உள்ளே புண்ணாக்கிடும். தண்ணியோ டிராப்ஸோ ஊத்தாம உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.

வீட்டுல என்ன செய்யலாம்?

கொதிக்க வெச்சு ஆறவெச்ச ஒரு டம்ளர் தண்ணியில (சுமார் 240 மி.லி.) அரை டீஸ்பூன் அயோடின் சேர்க்காத உப்பைக் கலந்து மூக்கைக் கழுவலாம். குழாய்த் தண்ணியை நேரடியா பயன்படுத்தவே கூடாது. தலையணையைக் கொஞ்சம் உயர்த்திப் படுங்க. ஆவி பிடிச்சா இதமா இருக்கும், ஆனா கொதிக்கிற பாத்திரம் ஜாக்கிரதை. குழந்தைகளுக்கு வேண்டாம்.

டிராப்ஸ் போடுறீங்களா?

ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் இருக்குற டிராப்ஸ் சில நிமிஷத்துல அடைப்பைத் திறந்துடும். ஆனா, 3 முதல் 5 நாளுக்கு மேல போட்டா, மருந்தாலேயே அடைப்பு திரும்ப வரும். அதுக்காக மறுபடி டிராப்ஸ்... இப்படியே பழக்கமாகிடும். கடையில கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டே இருக்காதீங்க.

டாக்டர் என்ன செய்வார்?

சின்ன கேமரா வெச்சு உள்ளே பார்ப்பார். தேவைப்பட்டா சி.டி ஸ்கேன். அலர்ஜின்னா ஸ்டீராய்டு ஸ்பிரே. தினமும் போட்டாதான் பலன் தெரியும். சுவர் வளைவு ரொம்பத் தொந்தரவு கொடுத்தா ஆபரேஷன் செய்யலாம். வளைவு இருந்தும் தொந்தரவு இல்லைன்னா அப்படியே விட்டுடலாம்.

தள்ளிப்போடாதீங்க!

ஒரே பக்க அடைப்பு சில வாரங்களுக்கு மேல நீடிச்சாலோ, அந்தப் பக்கம் அடிக்கடி ரத்தம் வந்தாலோ, கன்னம் மரத்துப்போனாலோ இ.என்.டி டாக்டரைப் பாருங்க. கண் வீங்கினாலோ, பார்வை மாறினாலோ அன்னைக்கே போயிடுங்க. அரிதா, கட்டியோட அறிகுறியாகவும் இது இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடிச்சா சிகிச்சை சுலபம்.

இன்னைக்கு ராத்திரி ஒரு சின்ன டெஸ்ட். அடைப்பு பக்கம் மாறுதா, மாறலையான்னு பாருங்க. மாறினா, பயப்படாம திரும்பிப் படுத்துத் தூங்குங்க!