முப்பதாம் பதிப்பு குளத்தூர் வந்த வழி

புரட்டாசிக் கடைசி. குளத்தூர்க் கரிசலில் புழுதி விதைப்பு முடிந்து, எல்லாரும் கிழக்கே கடல் பக்கம் மேகம் பார்த்துக்கொண்டிருந்த வாரம். 2025 அக்டோபர் இரண்டாம் வாரமான அப்போதுதான் பிட்காயின் கோர் மென்பொருளின் 30-ஆம் பதிப்பு வெளியானது. எங்கள் வீட்டு முன்னறையில், விலைக்காகக் காத்திருக்கும் வத்தல் சாக்குகளை ஒட்டி, ஒரு பழைய லேப்டாப் அதே மென்பொருளின் 29-ஆம் பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தது. காற்றாடிக்குள் கரிசல் புழுதி ஏறி அது அரைக்கிற மாதிரி ஒரு சத்தம் போடும். மாதம் ஒருமுறை பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும்.

சித்தப்பாவுக்கு அந்தச் சத்தமே ஆகாது.

"ஏய்யா, ராப்பகலா ஓடுதே, இதுல என்ன வரும்?"

"ஒண்ணும் வராது சித்தப்பா."

"வராததுக்கா இத்தன கரண்டு?"

நியாயமான கேள்விதான். இந்த மென்பொருள் ஓடும் கணினிக்கு நோடு என்று பெயர். நோடு ஓட்டுகிறவனுக்கு ஒரு பைசா வராது. பிட்காயினில் வருமானம் பார்ப்பவர்கள் மைனர்கள். நம்மூரில் மைனர் என்றால் சில்க் ஜிப்பாவும் சங்கிலியும் நினைவுக்கு வரும். இவர்கள் கிடங்கு கிடங்காகக் கணினிகளை வைத்து, சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எல்லாப் பரிமாற்றமும் பதிவாகும் கணக்கேட்டில் ஒரு புதுப் பக்கம் சேர்ப்பவர்கள். சேர்க்கிறவருக்குக் கூலி உண்டு. 2009-இல் பக்கத்துக்கு 50 பிட்காயின் காசாக இருந்தது, நாலு முறை பாதியாகக் குறைந்து, 2024 ஏப்ரல் முதல் 3.125 ஆகிவிட்டது. நோடு செய்வது வேறு வேலை. வருகிற ஒவ்வொரு பக்கத்தையும் வரி வரியாகச் சரிபார்க்கும். இல்லாத காசை யாரும் செலவழித்திருக்கிறார்களா, மைனர் தன் கூலியைக் கூட்டி எழுதிக்கொண்டாரா என்று பார்க்கும். சரியென்றால் அடுத்த நோடுகளுக்குக் கடத்தும், தப்பென்றால் தூக்கிப் போடும்.

சித்தப்பாவுக்குக் கணக்குப்பிள்ளையை வைத்துத்தான் விளக்கினேன். அவர் வாலிபத்தில் ஊர்நிலம் முழுக்கக் கணக்குப்பிள்ளை வீட்டு அலமாரியில் இருந்தது. அடங்கலில் அவர் எழுதியதுதான் எல்லை, அவர் எழுதியதுதான் சாகுபடி. 1980-இல் எம்.ஜி.ஆர். அரசு அந்தப் பதவிகளை ஒழித்து, பிறகு வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். ஏடு கைமாறியது. ஆனாலும் ஒரு நேரத்தில் ஒருவர் கையில்தான். "அந்த ஏட்ட ஊருல ஆளுக்கொரு பிரதி வச்சிக்கிட்டா?" என்று கேட்டேன். "அப்ப யாரும் திருத்த முடியாது," என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தெனம் சண்டதான் வரும்," என்றும் சேர்த்துக்கொண்டார். இரண்டும் நடந்த கதைதான் இந்த மென்பொருளின் கதை.

2008 அக்டோபர் 31-இல் சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் பிட்காயினை விளக்கும் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று வந்தது. கணக்கேட்டின் முதல் பக்கம் 2009 ஜனவரி 3 தேதியிட்டது, அதற்கு ஐந்தாறு நாளில் மென்பொருளின் 0.1 என்ற முதல் பதிப்பு. விண்டோஸில் மட்டும் ஓடும். அதை உடனே இறக்கி ஓட்டிய சிலரில் ஒருவர் அமெரிக்க புரோகிராமர் ஹால் ஃபின்னி. ஜனவரி 12-இல் சதோஷி அவருக்கு அனுப்பிய 10 காசுதான் ஆளுக்கு ஆள் கைமாறிய முதல் பிட்காயின்.

பிட்காயின் குழந்தைக்கு ஒன்றரை வயதில் வலிப்பு வந்தது. மொத்தமே 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டக் கூடாத காசு இது. 2010 ஆகஸ்ட் 15-இல் 74,638-ஆம் பக்கத்தில் ஒரே பரிமாற்றத்தில் 18,400 கோடிக்கும் மேல் காசு முளைத்தது. பழைய ஸ்கூட்டரில் மீட்டர் 99999-ஐத் தாண்டினால் சுழியத்துக்குத் திரும்புமே, அதே கோளாறுதான். இரண்டு பெரிய தொகைகளைக் கூட்டியபோது எண் வரம்பு மீறிச் சுழன்று, கூட்டுத்தொகை கழித்தல் குறிக்குப் போய்விட்டது. செலவு வரவுக்கு மிஞ்சவில்லை என்று மென்பொருள் நம்பிவிட்டது. சில மணி நேரத்தில் சதோஷி 0.3.10 வெளியிட்டார். ஓட்டுகிறவர்கள் மாறினார்கள், கள்ளக் காசு இருந்த பக்கங்களை விட்டுவிட்டு ஏடு வேறு கிளையில் வளர்ந்தது. அந்த டிசம்பரில் 0.3.19 தந்தபின் சதோஷி பொதுவெளியில் எழுதவில்லை. மென்பொருளின் சாவி, உடன் நிரல் எழுதிவந்த கேவின் ஆண்ட்ரசன் கைக்குப் போனது.

எனக்குப் பிடித்தது 2013 மார்ச் கதை. மற்ற மென்பொருள்களில் புதுப் பதிப்பு வந்தால் பழசு போகும். அன்று புதுசு பின்வாங்கியது. 0.8-ஆம் பதிப்பில் தரவைச் சேமிக்கும் கிடங்கையே மாற்றியிருந்தார்கள். வேகம் கூடியது, எல்லாருக்கும் சந்தோஷம். பழைய கிடங்குக்கு ஒரு ரகசியம் இருந்தது. ஒரே நேரத்தில் இத்தனை பூட்டுகளுக்கு மேல் அதனால் போட முடியாது. அப்படி ஒரு வரம்பு இருப்பதை யாரும் கவனிக்கவில்லை, ஆனால் நாலு வருஷமாக அதுவும் சட்டமாகவே நடந்திருக்கிறது. மார்ச் 11 இரவு ஒரு பெரிய பக்கம் வந்தது. 0.8 ஏற்றது, 0.7 திணறி மறுத்தது. ஒரு ஏடு இரண்டாகப் பிரிந்தது. புதிய கிளைதான் நீளமாகப் போய்க்கொண்டிருந்தது, பெரிய மைனர்கள் அதில்தான் இருந்தார்கள். என்றாலும் பழைய பதிப்பு ஓட்டுகிற எல்லாரையும் ராத்திரியோடு ராத்திரியாக மாறச் சொல்ல முடியாது என்று புரோகிராமர்கள் முடிவு செய்து, மைனர்களைப் பழைய பதிப்புக்கு இறங்கிவரச் சொன்னார்கள். இறங்கினார்கள். புதுக் கிளையின் 24 பக்கங்கள் குப்பைக்குப் போயின, அவற்றுக்கான கூலியோடு.

அடுத்த வருஷம், 0.9-ஆம் பதிப்பில், மென்பொருளுக்கும் காசுக்கும் ஒரே பெயர் இருந்த குழப்பம் தீர 'பிட்காயின் கோர்' என்று பெயர் சூட்டினார்கள். 2015-இல் 0.11 வந்தது; என்னைப் போன்றவர்களுக்கு அதுதான் வாசல் திறந்தது. முழு ஏடு இன்று 700 ஜிபி அளவுக்கு வளர்ந்திருக்கிறது. 0.11 முதல், எல்லாப் பக்கத்தையும் சரிபார்த்துவிட்டுப் பழையவற்றை அழித்துக்கொண்டே போகலாம். கதிரடித்துத் தவசத்தை வைத்துக்கொண்டு சக்கையை விடுவது மாதிரி. அப்படித்தான் என் சின்ன டிஸ்க்கில் இது அடங்குகிறது. முதல்முறை ஓட்டியபோது மின்வெட்டோடு மல்லுக்கட்டி 2009-லிருந்து இன்றுவரை வந்துசேர இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

2018 செப்டம்பரில் மறுபடியும் கள்ளக் காசு அபாயம். ஒன்றரை வருஷமாக உள்ளே இருந்த பிழையால், ஒரே காசை ஒரே பரிமாற்றத்துக்குள் இரண்டு முறை செலவழிக்க வழி இருந்தது. கண்டுபிடித்துச் சொன்னவர், பிட்காயினிலிருந்து சண்டை போட்டுப் பிரிந்துபோன பிட்காயின் கேஷ் பங்காளி வீட்டுக்காரர். பிழையை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை. தகவல் கொடுத்தார். 0.16.3 வந்தது. பங்காளிப் பகையில் வளர்ந்த ஊர்க்காரனுக்கு இது கொஞ்சம் ஆச்சரியம்தான்.

2021-இல் முன்னால் இருந்த சுழியத்தை விட்டுவிட்டு 22 என்று எண்ண ஆரம்பித்தார்கள். அதன்பின் வருஷத்துக்கு இரண்டு பதிப்பு என்ற கணக்கில் 30 வந்தது.

இந்த எண் போடும் பழக்கம் கரிசலுக்குப் புதிதில்லை. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம், கருங்கண்ணிப் பருத்தியிலும் சோளத்திலும் ரகம் ரகமாக உருவாக்கி, கோவில்பட்டியின் 'கே' எழுத்தை முன்னால் வைத்து எண் போட்டது. கே-8 சோளம், கே-11 பருத்தி என்று விவசாயி வாயில் புழங்கின. ரகம் வெளியானதாலேயே வயலுக்கு வந்துவிடாது. யாரோ ஒருவர் ஒரு குறுக்கத்தில் போட்டுப் பார்ப்பார், மற்றவர்கள் வரப்பில் நின்று பார்ப்பார்கள், அடுத்த வருஷம்தான் விதை கேட்பார்கள்.

பிட்காயின் கோரும் அப்படித்தான். உங்கள் போன் தூங்கும்போது தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறது. இந்த மென்பொருளில் அந்த வசதியை வேண்டுமென்றே வைக்கவில்லை. தானாக மாறும் என்றால், பதிப்பை வெளியிடும் சிலர் ஒரே இரவில் உலகத்தின் எல்லா ஏட்டுக்கும் புதுச் சட்டம் எழுதிவிடலாமே. ஆகவே ஆள் போய் இறக்க வேண்டும், ஆள் கையால் நிறுத்தி, ஆள் கையால் மாற்ற வேண்டும். இறக்கினதை நம்பவும் வேண்டியதில்லை. மூல நிரல் எல்லாருக்கும் திறந்து கிடக்கிறது. வெவ்வேறு நாட்டில் இருக்கும் பலர் அதிலிருந்து தனித்தனியாக ஓடும் கோப்பைக் கட்டுகிறார்கள். கட்டிய கோப்பிலிருந்து வரும் சரிபார்ப்பு எண்ணில் ஒவ்வொருவரும் தங்கள் டிஜிட்டல் கையெழுத்தைப் போடுகிறார்கள், எல்லார் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். குளத்தூரில் நான் இறக்கிய சில பத்து எம்.பி. கோப்பும் அதே எண்ணைக் காட்டுகிறதா என்று ஒரு கட்டளையில் பார்த்துவிடலாம். சித்தப்பா மொழியில் சொன்னால், விதைப் பையில் சீல் இருக்கிறதா என்று பார்ப்பது.

30-ஆம் பதிப்பு புறப்படும்போதே சண்டையோடுதான் புறப்பட்டது. பரிமாற்றத்தோடு சில வார்த்தைகளை எழுதிவைக்க ஏட்டில் ஒரு மூலை உண்டு, 'ஓபி ரிட்டர்ன்' என்பார்கள். 83 பைட்டுக்கு மேல் எழுதப்பட்ட பரிமாற்றத்தை நோடு அடுத்தவருக்குக் கடத்தாது என்பது பல வருஷ வழக்கம். 30-இல் அந்த எண் ஒரு லட்சம் ஆயிற்று. கோர் தரப்பு சொன்ன காரணம் இது: 2023 முதல் ஆர்டினல்ஸ் என்று படமும் எழுத்துமாக ஏட்டின் வேறு இடங்களில் ஏற்கெனவே திணிக்கிறார்கள், நோடு கடத்தாவிட்டால் நேரே மைனரிடம் கொடுக்கிறார்கள், சிலர் போலி முகவரிகளாக எழுதுகிறார்கள், அவை எந்நாளும் அழிக்க முடியாத சுமையாகத் தங்குகின்றன, அதைவிட இந்த மூலையில் எழுதினால் கேடு குறைவு. எதிர்த்தரப்பில் முன்னால் நின்றவர் லூக் டாஷ்ஜர், பல வருஷம் கோருக்கு நிரல் எழுதியவர். பணக் கணக்கேட்டில் கண்டதையும் ஒட்டுவதா, சட்டவிரோதமான எதையாவது எவனாவது ஒட்டினால் அது என் வீட்டு டிஸ்க்கிலும் அல்லவா இருக்கும் என்பது அவர்கள் கேள்வி. அவர் பராமரிக்கும் 'நாட்ஸ்' என்ற மாற்று மென்பொருளுக்குக் கூட்டம் கூட்டமாக மாறினார்கள். அந்த இலையுதிர் காலத்தில், வெளியே தெரியும் நோடுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று நாட்ஸ் ஓட்டியது.

சண்டையின் சத்தத்தில் ஒரு விஷயம் அமுங்கிப்போயிற்று. எந்தப் பக்கம் செல்லும், எது செல்லாது என்ற சட்டத்தில் 30 கை வைக்கவில்லை. மாறியது, ஏட்டில் ஏறுமுன் காத்திருக்கும் பரிமாற்றங்களில் எதைக் காதோடு காதாகக் கடத்துவது என்ற டீக்கடை நாகரிகம். அதுவும் வேண்டாதவர்கள் பழைய 83-க்கே இறக்கிக்கொள்ளத் திருகு அப்படியே இருக்கிறது. எனக்குக் கோர் சொல்வது சரியென்றே படுகிறது. அடைப்புப் போட்டு மறித்தால் தண்ணீர் வேறு வாய்க்கால் பார்க்கும். இருந்தாலும் ஒரு பெரிய எண்ணை எல்லார் வீட்டிலும் இயல்பாக வைத்துவிட்டு, பிறகு விளக்கம் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

அதே பதிப்பில் மற்ற மாற்றங்களும் இருந்தன. பரிமாற்றத்தைக் கடத்த வேண்டிய குறைந்தபட்சக் கட்டணம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தது. காசின் சாவிகளைக் காக்கும் வாலட் கோப்பு பழைய வடிவில் இருந்தால் அதைத் திறக்கும் வசதி நீங்கியது. வைத்திருப்பவர்கள் புது வடிவத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும்.

நான் மாறவில்லை. கொள்கை ஒன்றும் கிடையாது. புது ரகத்தை முதல் போகத்திலேயே முழு வயலிலும் போடாதே என்று வீட்டில் சொல்லி வளர்ந்த பழக்கம்.

இடையில் சித்தப்பாவுக்குப் புதுக் கவலை. யாரோ சொல்லியிருக்கிறார்கள், பிட்காயின் என்றால் போலீஸ் வருமென்று. 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி, வங்கிகளை இந்தத் தொழிலிலிருந்து விலகச் சொன்னதும், 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சுற்றறிக்கையை நீக்கியதும், 2022 முதல் லாபத்தில் 30 சதவீதம் வரி என்பதும் அவருக்குச் சொன்னேன். அந்த அக்டோபர் மாதக் கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் கிரிப்டோ காசைச் சொத்து என்றே ஏற்றுக்கொண்ட தீர்ப்பையும் சொன்னேன். "அப்ப உங்கிட்ட சொத்து எவ்வளவு இருக்கு?" என்றார். இந்த லேப்டாப்பில் வாலட்டே கிடையாது, ஏடு மட்டும்தான் என்றதும் போலீஸ் பயம் போய்ப் பழைய கரண்டு கவலை வந்துவிட்டது.

2026 ஜனவரி முதல் வாரத்தில் கோர் தரப்பிலிருந்தே எச்சரிக்கை வந்தது. 30.0, 30.1 இரண்டிலும், மிகப் பழைய வாலட்டைப் புது வடிவத்துக்கு மாற்றும்போது, அரிதான சில நிலைமைகளில் அந்த மாற்றம் தோற்றால், அந்தக் கோப்புறையில் இருக்கும் எல்லா வாலட் கோப்புகளும் அழிந்துவிடலாம். நகல் எடுத்து வைக்காதவன் காசு போனதுதான். இறக்குமிடத்திலிருந்து இரண்டு பதிப்பையும் எடுத்துவிட்டார்கள். ஒரு லட்சம் பைட்டைப் பற்றி உலகம் மூன்று மாதம் கத்திக்கொண்டிருந்தபோது, ஓட்டை சத்தமில்லாமல் வேறு மூலையில் இருந்திருக்கிறது. சில நாளில் திருத்தத்தோடு 30.2 வந்தது.

காணும் பொங்கலன்று அதை இறக்கினேன். எண் பொருந்தியது. 29-ஐ நிறுத்தி 30.2-ஐ ஏற்றி, ஓபி ரிட்டர்ன் அளவை இருந்தபடியே விட்டுவிட்டு ஓட்டினேன். 9,32,000-ஐ ஒட்டிய ஏதோ ஒரு பக்கத்தில் அது வேலையைத் தொடங்கியது.

அரைமணி ஆகவில்லை, சித்தப்பா உளுந்து மூட்டையோடு வந்து நின்றார். "மேசைய அந்தச் சொவத்துப் பக்கம் தள்ளுய்யா, ஆறு மூட்ட எறக்கணும்." நிறுத்தி, வயரைப் பிடுங்கி, இரண்டு பேருமாகத் தள்ளினோம். மூட்டைகளை அடுக்கி முடித்துத் திரும்பச் சொருகியபோது ஏடு மூன்று பக்கம் முன்னால் போயிருந்தது. லேப்டாப் அந்த மூன்றையும் சரிபார்த்து முடிக்கும்வரை, சித்தப்பா மூட்டைமேல் உட்கார்ந்து காற்றாடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.