எண்ணாயிரத்துப் பாடமும் லிதுவேனிய உழவரும்

விழுப்புரம் மாவட்டத்துப் பிரம்மதேசத்தில் பாடலீசுவரர் கோயிலைப் பார்க்க வருகிறவர்கள், பக்கத்து ஊரான எண்ணாயிரத்துக்கும் போய்வர வேண்டும். அங்கே அழகிய நரசிம்மப் பெருமாள் கோயில் கல்வெட்டில், ராஜேந்திர சோழன் காலத்துக் கல்லூரி ஒன்றின் கணக்கு நிற்கிறது. இளைய மாணவர் 270 பேர், மூத்தவர் 70 பேர். ரிக் வேதத்துக்கு 75, யஜுர் வேதத்துக்கு 75, ‘ரூபாவதாரம்’ என்னும் சமஸ்கிருத இலக்கண நூலுக்கு 40. இளையவர் ஒவ்வொருவருக்கும் நாளுக்கு 6 நாழி நெல். இதற்கெல்லாம் விட்ட நிலம் 45 வேலி.

அந்த 40 பேர் உருப்போட்ட சொற்களுக்கு வெகுதொலைவில் உடன்பிறப்புகள் இருந்தன. பால்டிக் கடலோரத்து லிதுவேனிய உழவர்கள் அவற்றை ஆடு மேய்க்கும்போதும் அடுப்பு மூட்டும்போதும் பேசிவந்தார்கள்.

சமஸ்கிருதத்தில் அக்னி, லிதுவேனியனில் உக்னிஸ். பல்லுக்கு இங்கே தந்தம், அங்கே தந்திஸ். புகைக்கு அவர்கள் சொல் டூமை; நம் தூமகேதுவில் இருப்பதும் அதே தூமம்தான். இதைக் கண்டு சமஸ்கிருதத்திலிருந்து லிதுவேனியன் பிறந்தது என்று சொல்லிவிடுகிறார்கள். அது தவறு. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். தாய்மொழி எழுத்தில் ஏறாமலே மறைந்துபோனது.

ஒரே ஒரு சொல்லை எடுத்துப் பார்க்கலாம். மகன் என்பதற்குச் சமஸ்கிருதம் சூனு, லிதுவேனியன் சூனுஸ். ‘மகனுடைய’ என்னும்போது சமஸ்கிருதத்தில் சூனோஹ், லிதுவேனியனில் சூனவுஸ். முன்பு ஈரொலியாக இருந்தது சமஸ்கிருதத்தில் ‘ஓ’வாக ஒடுங்கியது, லிதுவேனியனில் ஒடுங்கவில்லை. இந்த ஓரிடத்தில், வேதம் ஓதியவர் நாவைவிட ஏர் பிடித்தவர் நாவில்தான் பழைய ஒலி தங்கியிருக்கிறது.

இத்தனைக்கும் அந்த மொழிக்கு எந்த அரசனும் வேலிக்கணக்கில் நிலம் விடவில்லை. லிதுவேனியப் பேரரசின் எழுத்து வேலை ஸ்லாவிய மொழியிலும் லத்தீனிலும் போலிஷிலும் நடந்தது. முதல் அச்சு நூலே 1547இல்தான் வந்தது. ஜெர்மானிய அறிஞர் ஷ்லைகர் 1852இல் நேரில் சென்று, மக்கள் பேசக் கேட்டு எழுதிய இலக்கணம் 1856இல் வெளியானது. கால்டுவெல்லின் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்ததும் அதே ஆண்டு!

பிறகுதான் பெரிய சோதனை. 1864 முதல் 1904 வரை, லத்தீன் எழுத்தில் லிதுவேனிய நூல்களை அச்சிட ரஷ்யப் பேரரசு தடை விதித்தது. எல்லைக்கு அப்பால் கிழக்குப் பிரஷ்யாவில் அச்சான நூல்களைச் சாதாரண மக்கள் மூட்டை கட்டி, கள்ளத்தனமாகக் கடத்திவந்தார்கள். அவர்களில் தலையாயவர் யுர்கிஸ் பியேலினிஸ். அவர் பிறந்த மார்ச் 16ஐ, நூல் சுமந்தவர்களின் நாளாக லிதுவேனியர் இன்றும் கொண்டாடுகிறார்கள்.