களைச்செடியும் பட்டாம்பூச்சியும்



பட்டாம்பூச்சிக்கும் பண்ணைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சம்பந்தம் இருக்கிறது. கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்க.

கனடாவிலும் அமெரிக்காவிலும் செப்டம்பர் மாதம் இலையுதிர் காலம் தொடங்கும். அப்போது வீட்டுத் தோட்டத்தில் நடந்து பார்த்தால், ஆரஞ்சு நிறச் சிறகில் கறுப்புக் கோடு போட்ட பெரிய பட்டாம்பூச்சிகள் பூவுக்குப் பூ தாவித் தேன் குடித்துக்கொண்டிருக்கும். மொனார்க் என்று அதற்குப் பெயர். குளிர் இறங்கினால் ஒன்றுகூட இருக்காது. எல்லாம் தெற்கே பறந்துவிடும். எங்கே போகிறது? ஒரு காலத்தில் அது அங்கே யாருக்கும் தெரியாமல் இருந்தது.

கனடாவில் டொரண்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரெட் உர்குஹார்ட்டும் அவர் மனைவி நோராவும் இதைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார்கள். சிறகில் சின்னச் சீட்டு ஒட்டிப் பறக்கவிட்டார்கள். முதலில் தபால்தலை மாதிரி பசைச்சீட்டு. மழையில் உரிந்து போயிற்று. பிறகு கடைகளில் விலை ஒட்டுகிற மாதிரியான சீட்டு, அது நின்றது. ஆனால் இரண்டு பேரால் எத்தனைக்கு ஒட்ட முடியும்? 1952இல் பத்திரிகையில் எழுதி ஆள் கேட்டார்கள். 12 பேர் வந்தார்கள். பின்னாளில் பள்ளிப் பிள்ளைகள், வாத்தியார்கள், வீட்டுப் பெண்கள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் சேர்ந்தார்கள்.

1975 ஜனவரியில் விடை கிடைத்தது. இவர்களுக்காகத் தேடிக்கொண்டிருந்த கென் புரூக்கரும் மெக்சிகோ நாட்டுப் பெண் கட்டலினா அகுவாடோவும் மெக்சிகோ மலை ஒன்றின் மேல், சுமார் 10,000 அடி உயரத்தில் கண்டார்கள். மரத்தில் இலை தெரியாதபடி பட்டாம்பூச்சி! அடுத்த ஆண்டு உர்குஹார்ட் நேரில் போனபோது, பாரம் தாங்காமல் ஒரு கிளை முறிந்து விழுந்தது. கீழே கிடந்தவற்றில் ஒன்றின் சிறகில் சீட்டு! அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு வாத்தியாரும் இரண்டு மாணவர்களும் ஒட்டியது. சுமார் அரை கிராமே எடையுள்ள உயிர், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்திருக்கிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்த மலையடிவாரத்து ஜனங்களுக்கு இது புதுசு அல்ல. நவம்பர் தொடக்கத்தில், இறந்தவர்களை நினைக்கும் நாளையொட்டி அவை வருவதால், முன்னோர்களே வருகிறார்கள் என்று காலம்காலமாக நம்பியவர்கள் அவர்கள். எங்கிருந்து வருகிறது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. வடக்கே இருந்தவர்களுக்குப் போகிற இடம் தெரியாது.

சரி, பண்ணைக்கு வருவோம். மொனார்க் முட்டையிடுவது ஒரே வகைச் செடியில். ஒடித்தால் பால் வடியும். மில்க்வீட், அதாவது பால்களை என்பார்கள். மாட்டுக்கு விஷம். உழுதாலும் வேரிலிருந்து மறுபடி துளிர்க்கும். 1996இல் களைக்கொல்லி தெளித்தாலும் பட்டுப்போகாத சோயா விதை அமெரிக்காவில் வந்தது. பின்னாலேயே மக்காச்சோளமும் வந்தது. பயிர் நின்றது, பால்களை ஒழிந்தது. மெக்சிகோவில் மரம் வெட்டியதும், வறட்சியும் புயலும் சேர்ந்துகொண்டன. 1996-97 குளிர்காலத்தில் பட்டாம்பூச்சிகள் அடைந்த காடு சுமார் 45 ஏக்கர். 2013-14இல் ஒன்றரை ஏக்கர் சொச்சம்! அதன்பிறகு ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது. 2024-25இல் நாலரை ஏக்கருக்குள்தான்.

போகிற இடத்தைக் கண்டுபிடிக்க ஏறத்தாழ நாற்பது வருஷம். இந்த அளவுக்குக் குறைய இருபது வருஷம்கூட ஆகவில்லை. அந்த விவசாயிகளைக் குற்றம் சொல்வதா? நாமாக இருந்தாலும் அதைத்தானே செய்திருப்போம்! களை என்றால் ஒழிக்கத்தானே வேண்டும்? அந்தச் செடியை நம்பி ஓர் உயிர் இருப்பது அவர்கள் கணக்கில் வரவில்லை. இப்போது சாலையோரத்திலும் வயலோரத்திலும் அதை மறுபடி நட்டு வருகிறார்கள்.

மொனார்க் நம்ம ஊருக்கு வருவதில்லை. ஆனால் பால்களையும் நம்ம எருக்கும் ஒரே குடும்பம். எருக்கு இலையில் கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழு, மொனார்க்குக்குப் பங்காளி. உங்கள் நெல்லையோ கடலையையோ அது தொடாது. வயலுக்குள் களையெடுங்க, வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலியோரத்தில் நிற்கிற நாலு எருக்கை மட்டும் விட்டுவையுங்க.