வில்லை அடக்கிய கதை

தமிழில் சில சொற்கள் நம்மைவிடப் புத்திசாலிகள். 'வில் வண்டி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வண்டிக் கூண்டுக்கும் இருசுக்கும் நடுவே இரும்புப் பட்டைகளை வளைத்து அடுக்கியிருப்பதைப் பார்த்து, அதற்கு 'வில்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உருவத்தைப் பார்த்து வைத்த பெயர்தான். ஆனால் குணத்துக்கும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. வில் என்ன செய்யும்? வாங்கிய விசையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. அம்பின் முதுகில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடும். வண்டியின் வில்லும் அந்த வம்சம்தான். சக்கரம் பள்ளத்தில் விழுந்த அடியை முதலில் வாங்கிக்கொள்கிறது. 'அப்பாடா' என்று நாம் சாய்வதற்குள், 'இந்தா, உன் சொத்து' என்று நம் முதுகிலேயே திருப்பிக் கொடுத்துவிடுகிறது.

செட்டிநாட்டுச் சீமையைப் பற்றி எழுதுவதால் கணக்குப்பிள்ளை பாஷையிலேயே சொல்லிவிடலாம். வில், அடியை வரவு வைக்கிறதே தவிரச் செலவு எழுதுவதில்லை. செலவு எழுதித் தீர்க்க வேறோர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு ஷாக் அப்ஸார்பர் என்று பெயர். மோட்டார் பட்டறைகளில் சுருக்கமாக 'ஷாக்'. நியாயமாகப் பார்த்தால் இந்தப் பெயர் தப்பு. அதிர்ச்சியை வாங்குவது வில். வில்லின் துள்ளலை அடக்குவதே இதன் வேலை. இங்கிலாந்து எஞ்சினீயர்கள் இதை 'டாம்பர்', அதாவது தணிப்பான், என்று சொல்வது வழக்கம். வில்லைக் கண்டுபிடித்த மனிதன் அதைத் தணிக்கக் கற்றுக்கொள்ள ஏன் இவ்வளவு காலம் எடுத்துக்கொண்டான், கற்றுக்கொண்ட பிறகும் அது யார் யாருக்குக் கிடைத்தது என்பது எனக்கு நெடுநாளாக உள்ள ஆராய்ச்சி.

இந்த ஆராய்ச்சிக்குச் சிங்கம்புணரியைவிட நல்ல இடம் கிடைக்காது. திண்டுக்கல்லிலிருந்து நத்தம், கொட்டாம்பட்டி வழியாகத் திருப்பத்தூருக்கும் காரைக்குடிக்கும் போகிற சாலையில் உள்ள ஊர் அது. ரயில் இன்றுவரை எட்டிப் பார்க்கவில்லை. தேங்காயானாலும், தென்னை நாரானாலும், ஊருக்குப் பேர் வாங்கித் தந்த கயிறானாலும், சக்கரத்தின் மேல் ஏறித்தான் வெளியே போக வேண்டும். வைகாசித் திருவிழாவில் சேவுகப்பெருமாள் ஐயனார் தேரும் இதே ஊர்த் தெருக்களில்தான் அசைந்து வருகிறது.

பக்கத்தில் பிரான்மலை. பாரி வள்ளல் ஆண்ட பறம்பு மலை அதுதான் என்பார்கள். பற்றிப் படரக் கொம்பில்லாமல் தவித்த முல்லைக்குத் தேரையே நிறுத்திவிட்டு அவன் நடந்து போனான் அல்லவா? அது கொடையின் சிகரம் என்பதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. ஆனாலும், வில் இல்லாத தேரில் அந்த மலைப்பாதையில் வந்தவனுக்கு, நடந்து போவது அப்படியொன்றும் பெரிய தியாகமாகத் தோன்றியிராது என்ற சந்தேகம் மட்டும் என்னை விடுவதில்லை. தமிழ்ப் பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பாதை எப்படி இருந்தது என்பதற்குப் புறநானூற்றிலேயே சாட்சி இருக்கிறது. அதியமான் மகன் பொகுட்டெழினியைப் பாடுகிற ஔவையார், உப்பு வணிகரான உமணர்கள் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போவதை உவமையாகச் சொல்கிறார். மேடும் பள்ளமுமான வழி, பாரமோ அதிகம், எங்கே என்ன ஆகும் என்று யார் கண்டது? அச்சு ஒடியும் என்று தெரிந்திருந்தது. அதற்கு மாற்று அச்சும் தயாராக இருந்தது. ஓட்டுகிறவனின் இடுப்புக்கு மட்டும் மாற்று கிடையாது. அதைப் பற்றி எந்த உவமையும் என் கண்ணில் படவில்லை.

வெள்ளைக்காரர்கள் ஊரிலும் வெகுகாலம் இதே கதைதான். பெரிய மனிதர்களின் கோச்சு வண்டியைத் தோல்வாரில் தொங்கவிட்டு ஊஞ்சல் மாதிரி ஆட்டிக்கொண்டு போனார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒபதையா எலியட் என்ற வண்டித் தச்சர், இரண்டு வில்களை வாய்க்கு வாய் வைத்தாற்போல் இணைத்து நீள்வட்ட வில் ஒன்றைச் செய்து உரிமை வாங்கினார். வில்வண்டி என்ற நாகரிகம் உலகமெங்கும் பரவியது. நம் பக்கத்திலும் வந்தது. வைக்கோலைப் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்து, செட்டியார் வீட்டு ஆச்சிமார்கள் கோயிலுக்குப் போனது வில்வண்டியில். அதே சாலையில் நெல் மூட்டை ஏற்றிப் போன கட்டை வண்டிக்கு வில்லும் இல்லை, வைக்கோலும் இல்லை. இருந்த வைக்கோல் மாட்டுக்கு. மெத்தென்று போவது ஒரு அந்தஸ்து. அது சரக்குக்கும் சரக்கு வண்டிக்காரனுக்கும் உரியதல்ல என்பது அப்போதே தீர்மானமாகிவிட்டது.

எலியட்டுக்குப் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் வில்லைத் தணிப்பதைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. காரணம் சுலபம். மாடும் குதிரையும் ஓடும் வேகத்துக்கு வில்லின் பட்டைகளே ஒன்றோடொன்று உரசித் துள்ளலைத் தின்றுவிடும். கிறீச் கிறீச்சென்று வில்வண்டி முனகுகிறதே, அந்த முனகல்தான் வாங்கிய அடி செலவாகிற சத்தம். மோட்டார் வந்தபிறகு இந்தக் கணக்கு உதைத்தது. மணிக்கு முப்பது நாற்பது மைல் வேகத்தில் ஒரு துள்ளல் அடங்குவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். இரண்டும் சேர்ந்தால் பிரயாணி ஆசனத்தில் இருக்கமாட்டான்.

பிரான்ஸில் ட்ரூஃபோ என்பவர் முதலில் சைக்கிளுக்காக ஒரு சூழ்ச்சி செய்தார். கத்தரிக்கோல் போல இரண்டு கைகள். அவை சேரும் கீலில் தோல் வில்லைகளை வைத்து இறுக்கிவிட்டால், கைகள் விரிவதும் மடங்குவதும் உரசி உரசித்தான் நடக்கும். எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் என்ற அமெரிக்கர் இதைக் காருக்கு மாற்றி, 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் தம் நாட்டில் வியாபாரம் செய்தார்.

எனக்குப் பிடித்த மனிதர் இன்னொருவர்: கிளீவ்லாந்து நகரத்து கிளாட் ஃபாஸ்டர். எஞ்சின் புகையை ஊதி இசை எழுப்பும் ஒரு மோட்டார் ஹாரனைச் செய்து, எக்காளம் ஊதும் தேவதூதரின் பெயரால் அதை 'கேப்ரியல்' என்று அழைத்தார். பிறகு 'ஸ்னப்பர்' என்று ஒரு தணிப்பானைச் செய்தார். கயிற்றைக் கம்பத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, அது ஓடாமல் பிடித்துப் பிடித்து விடுவதற்குக் கப்பல்காரர்கள் சொல்லும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. சிங்கம்புணரிக் கயிற்றுக்காரரிடம் சொன்னால், 'இதுக்கு அமெரிக்காக்காரன் வேணுமா?' என்று கேட்பார். முரட்டுக் காளையைக் கட்டுகிறவன் அதைத்தானே செய்கிறான்! ஃபாஸ்டரின் கருவியில் கயிற்றுக்குப் பதில் ஒரு பட்டைவார். வில் அமுங்கும்போது சும்மா இருக்கும். எழும்பும்போது இறுக்கிப் பிடிக்கும். வில்லின் குற்றம் அடியை வாங்குவதில் இல்லை, திருப்பிக் கொடுப்பதில் என்பதை அவர் சரியாகப் பிடித்துவிட்டார். அதில் திரட்டிய செல்வத்தை என்ன செய்தார் தெரியுமா? 1952இல் கிளீவ்லாந்தின் தர்ம ஸ்தாபனங்களை ஒரு விருந்துக்கு அழைத்து, ஏறக்குறைய 40 லட்சம் டாலரைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார். பறம்பு மலைப் பக்கம் பிறந்திருக்க வேண்டியவர்!

தோலும் வாரும் தேய்ந்துபோகும், மழையில் ஊறும். எண்ணெய் தேயாது. பிரெஞ்சுக்காரரான மோரிஸ் ஹூடாய் 1908ஐ ஒட்டி எண்ணெயை வேலைக்கு அமர்த்தினார். எண்ணெய் நிறைந்த அறையில் ஒரு தடுப்பு அசைகிறது. எண்ணெய் சின்னஞ்சிறு துவாரங்கள் வழியே பிதுங்கித்தான் மறுபக்கம் போக முடியும். மெல்லத் தள்ளினால் வழிவிடும், வேகமாகத் தள்ளினால் முரண்டு பிடிக்கும். துள்ளலின் விசை எண்ணெயில் சூடாகி, காற்றில் கலந்து போய்விடுகிறது. மோசமான சாலையில் ஓடிய வண்டியின் ஷாக்கைத் தொட்டுப் பாருங்கள், சுடும். அதுதான் செலவுக் கணக்கு.

ஃபோர்டு கம்பெனி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி 'மாடல் டி' கார்களை ஷாக் அப்ஸார்பர் இல்லாமலே விற்றது. 1927 டிசம்பரில் வெளிவந்த 'மாடல் ஏ'யில்தான் ஹூடாயின் கருவியைக் கம்பெனியிலேயே பொருத்தித் தந்தார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கே தனவணிகர் வீடுகளில் சீமைக் கார்கள் வரிசையாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன.

பொது ஜனங்களுக்கோ பஸ். டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912இல் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டார். பாதையில் உதிர்ந்து கிடந்த லாட ஆணிகள் டயரைக் கெடுக்கின்றன என்று, காந்தம் கட்டிய வண்டியை ஓடவிட்டு ஆணி பொறுக்கினார் என்று சொல்வார்கள். மகா கெட்டிக்காரர். ஆனால் எந்தக் காந்தத்தாலும் குழியைப் பொறுக்க முடியாதே!

சுதந்திரத்துக்குப் பிறகு லாரி யுகம். டாட்டா கம்பெனி டைம்லர் பென்ஸுடன் சேர்ந்து 1954இல் ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. எண்ணூரிலிருந்து அசோக் லேலண்ட் வந்தது. லாரியின் வில் முழுப் பாரத்தைக் கணக்கிட்டுச் செய்தது. முன் அச்சுக்கு ஷாக் இருக்கும்; பின் அச்சுக்குப் பல லாரிகளில் கிடையாது. பட்டைகள் தமக்குள் உரசிக்கொண்டே சமாளித்துக்கொள்ளும் என்பது ஏற்பாடு. பழைய வில்வண்டிச் சித்தாந்தம்தான். பாரம் இருக்கும்போது அது ஒருவாறு நடக்கும். பாரத்தை இறக்கிவிட்டு வெறும் லாரியாகத் திரும்பும்போது டிரைவர் படும் பாட்டை, பக்கத்து ஆசனத்தில் ஓர் இரவு உட்கார்ந்து வந்தவனுக்குத்தான் தெரியும். நான் வந்திருக்கிறேன். மறுநாள் கட்டுரை எழுத உட்கார முடியாமல் நின்றுகொண்டே எழுதினேன்.

அமெரிக்க ஒத்துழைப்போடு 1961இல் பம்பாயில் கேப்ரியல் இந்தியா கம்பெனி தொடங்கியது. ஃபாஸ்டரின் ஹாரன் பெயர் கடல் கடந்து, நம் ஊர்ப் பட்டறைகளில் ஷாக்கின் பெயராக ஒலிக்கலாயிற்று. 1974இல் ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேச அளவுகோல் வெளிவந்தது. உட்கார்ந்திருக்கும் மனித உடல் எவ்வளவு அதிர்வைத் தாங்கும் என்று அளப்பதற்கு விதி அது. விநாடிக்கு 4 முதல் 8 முறை மேலும் கீழும் ஆட்டுகிற ஆட்டம்தான் உடம்புக்கு ஆகவே ஆகாது என்று விஞ்ஞானிகள் கண்டார்கள். உமணர் காலத்து இடுப்புக்கு ஒருவழியாக ஓர் உவமை கிடைத்தது என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது லாரியை விடச் சின்ன வண்டிகளின் ஆட்சி. 2005இல் டாட்டா ஏஸ் வந்து 'குட்டி யானை' ஆயிற்று. பிக்கப் வண்டிகள் தெருவுக்குத் தெரு நிற்கின்றன. சிங்கம்புணரியில் ஒரு பட்டறையில் நான் கேட்ட வாக்குவாதம் பிக்கப் ஒன்றைப் பற்றியதுதான். தேங்காய் வியாபாரம் செய்யும் இளைஞர் ஒருவர், கம்பெனியிலேயே உயரமாகச் செய்து விட்ட வண்டியை வாங்கி, போதாதென்று பின்னால் ஆளுக்கொரு பட்டை கூட்டியிருந்தார்.

"அண்ணே, வெறும் வண்டியில போனா தலை கூரையில முட்டுது" என்றார் இளைஞர்.

"பட்டையக் கூட்டினே, சரி. அதப் பிடிக்கிற ஆள மாத்தினியா தம்பி?" என்று மேஸ்திரி வண்டிக்கு அடியில் கை நீட்டினார். ஷாக்கின் மேனி முழுதும் எண்ணெயும் புழுதியும் கலந்து அப்பியிருந்தது.

விஷயம் இதுதான். வண்டியை உயர்த்தினால் வில்லின் இருப்பிடம் மாறுகிறது. பழைய ஷாக் குட்டையானது; பள்ளத்தில் சக்கரம் தொங்கும்போது அது தன் முழு நீளத்துக்கும் இழுபட்டு 'டக்'கென்று முட்டி நிற்கும். நாளடைவில் சீல் கிழிந்து எண்ணெய் கசியும். வில்லும் முன்னைவிட முரடாகிவிட்டதால் அதைப் பிடிக்க வலுவும் கூடுதலாக வேண்டும். அமெரிக்காவில் இதே வாக்குவாதம் பெரிய அளவில் நடக்கிறது. செவ்ரொலே கம்பெனி சில்வராடோ 'டிரெயில் பாஸ்' பிக்கப்பை 2 அங்குலம் உயர்த்தி, ரான்சோ ஷாக்கும் பொருத்தியே விற்கிறது. அதையும் கழற்றிவிட்டு பில்ஸ்டைன் போடுகிறவர்கள் உண்டு. எண்ணெய் சூடேறி நுரைத்துப்போனால் ஷாக் செத்த மாதிரிதான். நுரைக்காமலிருக்க உள்ளே வாயுவை அழுத்தி அடைப்பது டி கார்பன் என்ற பிரெஞ்சுக்காரரின் யுக்தி; 1957இல் பில்ஸ்டைன் மூலம் அது மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் ஏறியது.

"தேங்காய்க்கு எதுக்குண்ணே சொகுசு?" என்று கேட்டார் இளைஞர். விலை உறுத்தியிருக்க வேண்டும்.

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டார். "சொகுசுன்னு யாரு சொன்னா? துள்ளுற சக்கரம் தரையில இல்ல. தரையில இல்லாத சக்கரத்துக்கு பிரேக் எங்கப்பா பிடிக்கும்? கொட்டாம்பட்டி ரோட்டுல குறுக்க ஒரு மாடு வந்தா என்ன செய்வே?"

இளைஞர் பதில் பேசவில்லை. பின்னால் இரண்டு மட்டும் மாற்றலாமா என்று பேரம் தொடங்கினார். நாலும் மாற்றினால்தான் கையை வைப்பேன் என்று மேஸ்திரி ஒரே பிடியாக நின்றார். பேரம் படிந்தது என்று நினைக்கிறேன். நான் புறப்படும்போது வண்டி ஜாக்கியின் மேல் இருந்தது.

திருப்பத்தூர் சாலையில் மாட்டுவண்டிப் பந்தயத்துக்காகப் போக்குவரத்தை நிறுத்தி வைத்திருந்தார்கள். பெரிய மாடு, சின்ன மாடு என்று பிரித்து ஓடவிட்டார்கள். நான் பார்த்த ஒரு வண்டியிலும் வில் இல்லை. சாரதிகள் உட்காரவும் இல்லை, நிற்கவும் இல்லை. முழங்காலை மடக்கிக் குந்தியபடி, வண்டி எழும்பும்போது தாழ்ந்தும் தாழும்போது எழுந்தும் போய்க்கொண்டிருந்தார்கள்.