ஒளி காட்டிய காந்தம்

பரந்தனிலிருந்து உடையார்கட்டு வழியாக முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதி வன்னிச் செம்மண்ணின் ஊடாகச் செல்வது. மண்ணுக்கு அச்செந்நிறத்தை ஊட்டுவது இரும்பு ஒட்சைட்டு. தெற்கே கொக்கிளாய், புல்மோட்டைக் கரைகளிலோ மணல் கருநிறமாய்க் கிடக்கும். அதில் மிகுந்துள்ள இல்மனைற்று, இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனோடு கூடிய பொருள். வலிய காந்தங்களைக் கொண்டு அதனை ஏனைய மணலினின்று பிரித்தெடுப்பர். ஆகவே, உலோக ஒட்சைட்டுக்களின் காந்தத்தன்மை ஆய்வுகூடத்துக்கு மட்டும் உரிய செய்தி அன்று.

அத்தன்மையை வெப்பம் மாற்றும். செந்தழலாய்க் காய்ந்த இரும்பைக் காந்தம் இழுப்பதில்லை என்பது கொல்லன் அறிந்த உண்மை. இங்கிலாந்தின் கில்பேட்டு அதனை 1600ஆம் ஆண்டிலேயே நூலில் எழுதினார். 1895இல் பியர் கியூரி அளந்தறிந்து விதிகள் வகுத்தார். காந்தக்கல் எனப்படும் கரிய இரும்பு ஒட்சைட்டு ஏறக்குறைய 580 செல்சியசு பாகையில் தன் வலிய காந்தத்தை இழக்கும். இல்மனைற்றின் அணுக்காந்தங்களோ, பூச்சியத்துக்குக் கீழ் 210 பாகையையும் தாண்டிய குளிரிலேயே ஒழுங்குபடுவன.

இனி, ஒளிக்கும் காந்தத்துக்கும் உறவு யாது? 1845இல் பரடே, காந்தப் புலத்தில் வைத்த கண்ணாடியூடே ஒளியைச் செலுத்தி, அதன் அதிர்வுத் தளம் திரும்புவதைக் கண்டார். அதன்பின் இத்துறைக்குப் பெருங்கருவி ஒன்று கிடைத்தது கல்கத்தாவில். அதனை அளித்தவர் இருவரும் தமிழர்: திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கடராமன்; வத்திராயிருப்பிற் பிறந்த கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன். 1928ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், பொருளொன்றிற் சிதறும் ஒளியில் ஒரு சிறு பங்கு நிறம் மாறி வருவதை அவர்கள் கண்டனர். பொருளின் உள்ளதிர்வுக்கு ஒளி சிறிது ஆற்றலைக் கொடுத்துவிடுகிறது; கொடுத்த அளவே நிறமாற்றமாய்த் தோன்றுகிறது. முதல் அறிவிப்பில் இருவர் பெயரும் இருந்தன. விளைவுக்கு நிலைத்த பெயரோ ஒருவருடையது. கிருஷ்ணன் பெயரை உலகம் இன்னும் சற்று உரக்கச் சொல்லியிருக்கலாம்.

அவ்வாண்டே கிருஷ்ணன் டாக்காப் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே அவர் எடுத்துக்கொண்ட பொருள் காந்தம். மெல்லிய படிக நூலிழையில் சிறு பளிங்கொன்றைத் தொங்கவிட்டுக் காந்தப் புலத்தில் வைப்பார். பளிங்கு திரும்ப முயலும். இழையின் முறுக்கு அதன் காந்தத்தன்மை திசைக்குத் திசை எவ்வளவு வேறுபடுகின்றது என்பதைச் சொல்லும். நெல்மணியளவான பளிங்கும் போதும். பெருஞ்செலவான கருவி எதுவும் வேண்டியதில்லை. இரும்பு, நிக்கல், கோபாற்று ஆகியவற்றின் உப்புக்கள் இவ்வாறு ஆராயப்பட்டன. 1940இல் இலண்டன் இராயல் சங்கம் அவரை உறுப்பினராக்கியது.

எனினும் இழை முறுக்கு மட்டும் சொல்லமுடியாத இரகசியம் ஒன்றுண்டு. நிக்கல் ஒட்சைட்டில் அணுக்காந்தங்கள் அடுத்தடுத்த தளங்களில் எதிரெதிராய் நிற்பவை. ஒன்றின் வலிமையை மற்றொன்று அழித்துவிடும். வெளியே காந்தம் இல்லை, உள்ளே ஒழுங்கு உண்டு! பிரெஞ்சு அறிஞர் லூயி நேயல் முப்பதுகளில் இதனைக் கணித்துரைத்தார். 1970இல் நோபெல் பரிசு பெற்றார்.

அவ்வொழுங்கினூடே, குளத்து நீரில் அலை ஓடுவதுபோல, ஒரு நடுக்கம் ஓடும். ஒளி அந்நடுக்கத்துக்கும் ஆற்றல் கொடுக்கும் என்பது எதிர்பார்க்கத் தக்கதே. ஆனால் அச்சிதறல் மிக மங்கியது. வலிய ஒரேநிற ஒளி வேண்டும். 1960இல் லேசர் பிறந்தது. அடுத்த ஆண்டு யூன் மாதம் கிருஷ்ணன் காலமானார். 1966இல் அமெரிக்க ஆய்வாளர் இரும்புப் புளோரைட்டுப் பளிங்கில் அச்சிதறலைக் கண்டனர். விரைவில் ஒட்சைட்டுக்களும் ஆராயப்பட்டன. நிக்கல் ஒட்சைட்டைச் சூடாக்கச் சூடாக்க, நிறமாலையில் அதன் காந்தக்கோடு இடம்பெயரும், அகலும், மங்கும். ஏறக்குறைய 250 பாகையில் நெடுந்தூர ஒழுங்கு குலைந்துவிடும். அதற்கு மேலும், அண்டை அணுக்களிடையே எஞ்சிய உறவின் சாயல் அகன்ற நிழல்போல் நிறமாலையில் சிறிது தங்கியிருக்கும்.